தவக்காலம்: நெற்றியில் சாம்பல், நெஞ்சில் கேள்வி

ஈஸ்டர் பெருவிழாவுக்கு ஆயத்தமாகக் கிறிஸ்தவர்கள் கடைப்பிடிக்கும் 40 நாள் நோன்புக் காலமே தவக்காலம். 2026-ஆம் ஆண்டில் இது பிப்ரவரி 18-ஆம் தேதி திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 5-ஆம் தேதி வருகிறது. இறைச்சியைத் தவிர்ப்பதும் விழாக்களை ஒத்திவைப்பதும் இக்காலத்தின் புற அடையாளங்கள். தன்னைத் தானே ஆராய்ந்து, செய்த தவற்றைச் சரிசெய்வதே இதன் நோக்கம்.

பெயரும் எண்ணும்

தமிழ்க் கத்தோலிக்கர் 'தவக்காலம்' என்பதை, சீர்திருத்தச் சபையினர் 'லெந்து காலம்' என்றும் வழங்குவர். லெந்து என்பது வசந்தத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. லத்தீன் மொழியில் இக்காலத்தின் பெயருக்கு 'நாற்பதாவது' என்று பொருள்.

திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை 46 நாள்கள் உள்ளன. ஞாயிறு ஒவ்வொன்றும் கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளாகக் கருதப்படுவதால், ஆறு ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. இயேசு பாலைநிலத்தில் 40 நாள் நோன்பிருந்து சோதனைகளை எதிர்கொண்டார் என்ற நற்செய்திச் செய்தியே இந்த எண்ணுக்கு அடிப்படை.

சாம்பல் உணர்த்துவது

முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளை எரித்துக் கிடைக்கும் சாம்பலை, அருள்பணியாளர் மக்களின் நெற்றியில் சிலுவை வடிவில் பூசுகிறார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பதை அது நினைவூட்டுகிறது.

அதே திருப்பலியில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரப் பகுதி, நோன்பைப் பிறர் காணும்படி காட்டிக்கொள்ள வேண்டாம் என எச்சரிக்கிறது. நெற்றியில் அடையாளம் தரித்து நிற்பவரிடமே இது சொல்லப்படுகிறது. பிறர் பாராட்டுக்காகவா, இறைவனுக்காகவா என்ற கேள்வியைத் தவக்காலம் தன் முதல் நாளிலேயே எழுப்பிவிடுகிறது.

மூன்று கடமைகள்

இறைவேண்டல், நோன்பு, ஈகை ஆகிய மூன்றும் இக்காலத்தின் தூண்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி 18 முதல் 59 வயது வரையிலானோர் திருநீற்றுப் புதனன்றும் புனித வெள்ளியன்றும் ஒரு முழு உணவும், மற்ற வேளைகளில் சிறிதளவும் மட்டுமே உண்பர். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. தாம் உண்ணாமல் மிச்சப்படுத்தியதை ஏழைகளுக்கு அளிப்பதும் இம்மரபில் அடங்கும். நோன்பு ஈகையாகக் கனியாவிட்டால் அது வெறும் உணவுக் கட்டுப்பாடாகவே நின்றுவிடும்.

ஆன்ம சோதனையும் ஈடுசெய்தலும்

தவக்காலத்தில் கத்தோலிக்கர் பலரும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுகின்றனர். அதற்கு முன் ஒருவர் தம் சொல், செயல், கடமை தவறியவை ஆகியவற்றை நினைவுக்குக் கொண்டுவந்து ஆராய வேண்டும். மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகியவை அடுத்தடுத்த படிகள்.

பாவ மன்னிப்புப் பெற்றதுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தரவும், அவதூறால் கெடுத்த நற்பெயரை மீட்டுத் தரவும் திருச்சபையின் போதனை வலியுறுத்துகிறது. உணவைத் துறப்பதைவிடக் கடினமான பகுதி இதுவே.

இந்திய மரபுகள்

கேரளத்தின் சிரியன் மரபுச் சபைகளில் இது ஐம்பது நோன்பு என அறியப்படுகிறது. புதனுக்கு மாறாக, அதற்கு முந்தைய திங்களன்றே நோன்பு தொடங்குகிறது. சீரோ மலபார் திருச்சபையினர் அந்நாளை விபூதித் திங்கள் என்பர். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றை முழுமையாக விலக்குவது பழைய வழக்கம்.

மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபையில் அந்தத் திங்களன்று 'சுப்கோனோ' எனும் ஒப்புரவு வழிபாடு நடைபெறும். அருள்பணியாளரும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு வேண்டி, சமாதானம் பகிர்ந்துகொள்கின்றனர். பகையை மனத்தில் வைத்துக்கொண்டு நோன்பைத் தொடங்கலாகாது என்பதே இதன் கருத்து.

எர்ணாகுளம் மாவட்டம் மலையாற்றூரில், புனித தோமாவின் பெயரோடு தொடர்புடைய குன்றின் மீது பக்தர்கள் மரச் சிலுவைகளைச் சுமந்து ஏறுகின்றனர். கோவா வேல்ஹாவில் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு மறுநாள் புனிதர்களின் திருவுருவங்கள் பவனியாக எடுத்துச் செல்லப்படுகின்றன.

மரபுக்கு மரபு நாள்களும் உணவு விதிகளும் வேறுபட்டாலும், யாருக்குத் தீங்கு செய்தேன், அதை எவ்வாறு சரிசெய்வேன் என்ற கேள்வியே அனைத்துக்கும் பொதுவாக நிற்கிறது. அதற்கான விடையைத் தேடவே இந்த நாற்பது நாள்கள்.