கோதுமை, பயறு, எண்ணூர்

எண்ணூரில் ஏது கோதுமை என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பயிருக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் கடைசியில் எண்ணூர் கடற்கரையில் வந்து நிற்கிறோம்.

கோதுமை மண்ணிலிருந்து நைட்ரஜனை எடுக்கும், திருப்பித் தராது. பயறு வகைகள் வேறு மாதிரி. அவற்றின் வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். இதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-இல் நிரூபித்தார்கள். காரணம் தெரியாமலேயே உழவர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே பயிரை மாற்றி மாற்றிப் போட்டு வந்தார்கள். பஞ்சாபில் கோதுமையும் கொண்டைக்கடலையும். நம்ம காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது இன்றும் உண்டு.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் பிராட்பாக் என்று ஒரு வயல். 1843-இல் தொடங்கிய கோதுமை ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது (நம்புங்கள்!). உரமே போடாமல் கோதுமைக்குப் பின் கோதுமையே விதைத்த பகுதியில் எக்டேருக்குச் சுமார் 1 டன்தான் விளைச்சல். 1968-இல் வயலின் ஒரு பகுதியில் பயிர்ச் சுழற்சியைக் கொண்டு வந்தார்கள். அதே அளவு உரம் போட்டும், வேறு பயிருக்குப் பிறகு வந்த கோதுமை கூடுதலாக விளைந்தது. ஏனென்றால் கோதுமையின் வேரை அழிக்கும் ஒரு பூஞ்சாணம், வருடா வருடம் கோதுமையே போட்டால் மண்ணில் தங்கிப் பெருகும். நடுவில் வேறு பயிர் வந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. இந்த வேலையை உரமூட்டை செய்யாது.

ஆனால் உலகம் மூட்டைப் பக்கம்தான் போனது. ஹேபர் 1909-இல் காற்றிலிருந்து அம்மோனியா எடுத்துக் காட்டினார். 1913-இல் ஜெர்மனியில் ஆலையே வந்துவிட்டது. 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை வாங்கியது. குட்டை ரகம், நிறைய உரம் போட்டாலும் சாயாது. விளைச்சல் ஏறியது, பஞ்சம் பயம் குறைந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பஞ்சாபில் கடலை போன இடத்தில் நெல் வந்து உட்கார்ந்தது.

எண்ணூருக்கும் 1960களில் உர ஆலை வந்தது. அதற்கான அம்மோனியா கப்பலில் வந்து கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு ஏறும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலையின் அந்தக் குழாயில் கசிவு. (அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் பரவியது.) பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதன் பிறகு, ஆலையை மூடச் சொல்லி மீனவ கிராமத்து மக்கள் நாள்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.