முக்கொம்பின் பழைய தலப்படங்கள்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் முக்கொம்பு. அங்கு பிரியும் இரு ஆறுகளும் திருவரங்கத் தீவை அணைத்துச் சென்று கல்லணை அருகே மீண்டும் நெருங்குகின்றன. இப்பகுதி 18ஆம் நூற்றாண்டிலிருந்து பலமுறை படமாக்கப்பட்டுள்ளது. போர்ப் படம், முக்கோண அளவைப் படம், வருவாய்த் துறையின் கிராமப் படம், இந்திய நில அளவைத் துறையின் தலப்படம் என அவை பல வகைப்படும். முக்கொம்பில் எல்லாவற்றையும் தீர்மானித்தது ஆற்றுப்படுகையின் சில அடி உயர வேறுபாடு. அதையோ இவற்றுள் பெரும்பாலானவை காட்டுவதில்லை.

போரும் அளவையும்

கர்நாடகப் போர்களின்போது, 1751 முதல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் திருவரங்கமும் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகளின் களமாயின. 1752-இல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது திருவரங்கத்தில்தான். இப்போர்களை எழுதிய ராபர்ட் ஓர்மின் நூலில் இப்பகுதியின் படங்களும் உள்ளன. படை எங்கே தங்கலாம், ஆற்றை எங்கே கடக்கலாம் என்பதே அக்காலப் போர்ப் படங்களின் அக்கறை. வயலும் வாய்க்காலும் பின்னணி மட்டுமே.

துல்லியமான அளவை வில்லியம் லாம்ப்டனுடன் தொடங்கியது. அவர் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களைத் தெற்கே விரித்தார். காவிரிச் சமவெளியில் மலை இல்லாததால் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, ஏறத்தாழ அரை டன் எடையுள்ள அவரது தியோடலைட் சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்ப்டன் அதைத் தாமே சரிசெய்து பணியைத் தொடர்ந்தார். இந்த முக்கோண வலையின் மீதே பின்வந்த தலப்படங்கள் அனைத்தும் வரையப்பட்டன.

படத்தில் தெரியாத சில அடிகள்

கொள்ளிடம் கடலை நோக்கி ஏறக்குறைய நேராகவும் கூடிய சரிவுடனும் செல்கிறது. காவிரியோ பல கிளைகளாகப் பிரிந்து தஞ்சை வயல்களைச் சுற்றுகிறது. வெள்ளம் தாழ்ந்த வழியையே தேடும். ஆகவே கொள்ளிடத்தின் படுகை ஆழமாகிக்கொண்டே போக, காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பாசனத்துக்கே ஆபத்து வந்தது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் (மொழியியலாளர் கால்டுவெல் அல்லர்) கல்லணைப் பகுதியை ஆராய்ந்தார். ஆர்தர் காட்டன் 1836-38இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

தீர்வு தேவைக்கு மேல் பலித்தது. இப்போது காவிரிக்குள் மிகுதியான நீர் புகுந்து அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது; 1845-இல் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்டப்பட்டது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் சில அடிகளுக்குள் நடந்தது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவையில் வந்த தலப்படங்களில் சமஉயரக் கோடுகளின் வழக்கமான இடைவெளி 50 அடி. பிற்கால 1:50,000 படங்களில் 20 மீட்டர். எனவே ஒரு மாவட்டத்தின் உணவைத் தீர்மானித்த வேறுபாடு இரு கோடுகளுக்கு இடையில் மறைந்துவிடுகிறது. அதை அறிய பொறியாளர்களின் மட்ட அளவைகளைத்தான் நாட வேண்டும். தலப்படத்தைப் பார்த்து இப்பகுதி வெறும் சமவெளி என்று முடிவு செய்யும் மாணவர் பலர். அது படத்தின் குறையே தவிர அவர்களுடையது அன்று.

தாள் 58 ஜே

இந்திய நில அளவைத் துறையின் எண் முறையில் 58 என்பது நான்கு பாகை நீள அகலமுள்ள பரப்பு. அது 16 ஒரு பாகைக் கட்டங்களாகவும், ஒவ்வொரு கட்டமும் 16 தாள்களாகவும் பிரிகிறது. முக்கொம்பு, திருவரங்கம், மலைக்கோட்டை ஆகியவை 58 ஜே/9 தாளில் அடங்கும். கிழக்குத் தீர்க்கரேகை 78°45' தீவை வெட்டிச் செல்வதால் கல்லணை அடுத்த தாளான 58 ஜே/13-க்குப் போய்விடுகிறது. முழுத் தீவையும் பார்க்க இரு தாள்களையும் ஒட்ட வேண்டும்.

ஆங்கிலப் படங்களில் கொள்ளிடம் 'கோலரூன்', திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினோபோலி', திருவரங்கம் 'செரிங்கம்'. பழைய ஆவணங்களில் ஊர் தேடுவோர் முதலில் தடுமாறுவது இங்கேதான். வெவ்வேறு காலப் பதிப்புகளை ஒப்பிட்டால் கோயில்கள் இடம் மாறுவதில்லை, மணல் திட்டுகள் மாறுகின்றன. விடுதலைக்குப் பின் வெட்டப்பட்ட புள்ளம்பாடி வாய்க்கால் பழைய தாள்களில் இராது. நிலத்தின் உரிமையையும் வாய்க்கால் புறம்போக்கையும் அறிய இத்தாள்கள் போதா. அதற்கு வருவாய்த் துறையின் கிராமப் படமும் புலப்படமுமே ஆதாரம்.

2018-க்குப் பின்

தலப்படங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் துறைக்கு ஒன்றும் பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்றுமாக இரு வரிசைகளை வகுத்தது. 2021-இல் விதிகள் மேலும் தளர்ந்தன.

இதற்கிடையே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. அதே மாதம் 22ஆம் தேதி மேலணையின் 45 மதகுக் கதவுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. புதிய கதவணை பழையதற்குச் சற்றுக் கீழே கட்டப்பட்டது. 1:50,000 அளவையில் ஒரு கிலோமீட்டர் 2 சென்டிமீட்டராகச் சுருங்குவதால், தாளில் இந்த இடமாற்றம் மில்லிமீட்டர் கணக்கில்தான் தெரியும். முந்தைய பதிப்புகளில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கோடு பழைய மேலணையின் இடத்தையே குறிக்கிறது.