கதாநாயகிகள் வந்தார்கள், போனார்கள், ஆச்சி இருந்தார்

(ஜார்ஜ்டவுனில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



'தமிழ்த் திரையில் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்தால், பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கதாநாயகிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்மினியின் நடனம், சாவித்திரியின் கண்கள், சரோஜாதேவியின் கொஞ்சுமொழி என்று பட்டியல் நீளும். அவர்கள் போற்றப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் அந்தக் கதாநாயகிகளுக்குப் பக்கத்தில் தோழியாக, வேலைக்காரியாக, அத்தையாக, அம்மாவாக நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகிறேன். அவர்தான் நாம் எல்லோரும் 'ஆச்சி' என்று அழைக்கும் மனோரமா.

தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது பாத்திரப் படைப்பு என்று ஒரு பாடம் இருந்தது. நாயகன், நாயகி, வில்லன் ஆகியோருக்குத் தனித்தனி அத்தியாயம் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் 'துணைப் பாத்திரங்கள்' என்ற ஒரே மூட்டைக்குள் அடக்கம். அந்த மூட்டைக்குள் இருந்துகொண்டே அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்த் திரையைத் தாங்கி நின்றவர் மனோரமா.

பள்ளத்தூரும் பினாங்கும்

1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் தஞ்சை மண்ணின் மன்னார்குடியில் பிறந்தவர் மனோரமா. பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை குடும்பத்தைக் கைவிட்ட பிறகு, தாயார் ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார்.

பள்ளத்தூர் என்றால் பினாங்குக்காரர்களுக்கு உடனே ஒரு தொடர்பு புலப்பட வேண்டும். அது செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. தைப்பூசத்திற்குப் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறதே, அந்த ரதத்திற்கும் கோயிலுக்கும் உரிய நகரத்தாரின் சொந்த மண் அது. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டித் தொழில் செய்து ஈட்டிய பணத்தில்தான் செட்டிநாட்டின் பெரிய வீடுகள் எழுந்தன. அத்தகைய வீடுகள் நிறைந்த ஓர் ஊரில், வேலைக்காரி ஒருவரின் மகளாக வளர்ந்தார் மனோரமா. செட்டிநாட்டில் 'ஆச்சி' என்பது வீட்டுப் பெண்மணிகளை மரியாதையோடு அழைக்கும் சொல். வானொலி நாடகம் ஒன்றில் அந்த வட்டாரப் பேச்சில் பேசப் போய், உடனிருந்தவர்கள் வேடிக்கையாக அழைக்கத் தொடங்கிய பெயர் இது என்று மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேலைக்காரியின் மகளுக்கு நாடே சேர்ந்து ஆச்சி என்று பெயர் வைத்தது. இதை விடப் பெரிய பட்டம் எது?

மேடைதான் பள்ளிக்கூடம்

வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினார். 'பள்ளத்தூர் பாப்பா' என்று ஊர் மக்கள் அழைத்தார்கள். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கலைஞர் மு.கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார். அறிஞர் அண்ணாவுடனும் கலைஞருடனும் மேடையில் நடித்தார். பின்னாளில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்தார். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமை அவருக்கு இப்படித்தான் வந்தது.

மேடையில் 'மறுபடியும் எடுக்கலாம்' என்ற பேச்சே கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரல் எட்ட வேண்டும். பாடவும் ஆடவும் தெரிந்திருக்க வேண்டும். எதிரே நடிப்பவர் வசனத்தை மறந்துவிட்டால் சமாளிக்கவும் வேண்டும். மனோரமாவின் எல்லாத் திறமைக்கும் வேர் அங்கேதான் இருந்தது.

கவியரசர் காட்டிய வழி

1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் அறிமுகமானார். கிடைத்தது நகைச்சுவை வேடம். இருபத்தோரு வயதுப் பெண்ணுக்குக் கதாநாயகி ஆசை இருக்காதா? நாயகியாக நடித்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை நடிகை என்றால் நீண்ட காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதை மனோரமா பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி' படத்தில் நாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அதன் பிறகு மீண்டும் தம் இடத்திற்கே திரும்பினார். கவியரசரின் கணக்கு எவ்வளவு சரியானது என்று பாருங்கள். 1965இல் தமிழ்த் திரைக்கு வந்து உச்சம் தொட்ட ஜெயலலிதாவின் திரைவாழ்வு 1980இல் முடிந்துவிட்டது. அவருக்கு ஏழாண்டு முன்பே வந்த மனோரமா, 2010இல் வெளிவந்த 'சிங்கம்' படத்திலும் பாட்டியாக நடித்துக் கொண்டிருந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் நடித்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டின. கின்னஸ் சாதனையாளர் என்று ஊடகங்கள் அவரைக் கொண்டாடியது அதற்காகத்தான்.

ஒரே நாவில் பல ஊர்

எண்ணிக்கை மட்டும் பெருமையாகிவிடாது. மனோரமாவை நாம் மறக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் அவருடைய நாக்கு. 1968இல் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் அவரே சொந்தக் குரலில் ஒரு பாடலைப் பாடினார். அது பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அதே ஆண்டில் ஏ.பி.நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ், சி.கே.சரஸ்வதி என்று ஜாம்பவான்கள் நிறைந்த படம். நடுவில் 'ஜில் ஜில்' ரமாமணி என்ற நாடகக்காரியாக வருகிறார் மனோரமா. இழுத்து இழுத்துப் பேசும் வெகுளிப் பேச்சு, வாய் நிறைய உபசாரம், உள்ளே மறைத்து வைத்த ஏக்கம். கொட்டகை வாழ்க்கையை வாழ்ந்தே அறிந்தவர் என்பதால் அந்தப் பெண்ணைக் கேலிப் பொருளாக்காமல் மனுஷியாகவே காட்டினார்.

அதன் பிறகு 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் எடுப்பான பல்லைக் கட்டிக்கொண்டு கொங்கு நாட்டுத் தாயானார். 'நடிகன்' (1990) படத்தில் வயது கடந்து காதல் வயப்படும் பெண்ணாக வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மலேசியத் தமிழர்களின் முன்னோர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்து லயங்களிலும் துறைமுகத்திலும் கலந்து வாழ்ந்ததில் ஊர்ப்பேச்சுகள் ஒன்றோடொன்று கரைந்து, மலாய்ச் சொற்களும் சேர்ந்து, இன்று நாம் பேசும் தமிழ் உருவானது. தாத்தா பாட்டியின் ஊர் எப்படிப் பேசும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக் கிடைத்த வழிகளில் ஒன்று, ஆர்டிஎம் ஒளிபரப்பிய தமிழ்ப் படங்களும் வீடியோ கேசட்டுகளும்தான். அவற்றில் அடிக்கடி கேட்ட குரல் மனோரமாவுடையது.

கண்ணம்மா என்னும் வேலைக்காரி

அவருடைய பாத்திரங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விசு இயக்கிய ஏவிஎம்மின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வரும் கண்ணம்மாவைத்தான் சொல்வேன். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் அது. கண்ணம்மா அந்த வீட்டின் வேலைக்காரி. ஆனால் குடும்பத்துக்கு ஓர் இக்கட்டு வரும்போது, வீட்டு மனிதர்கள் செய்ய முடியாததை அவள்தான் நாடகமாடிச் செய்து முடிக்கிறாள். வீட்டு வேலை செய்து தம்மை வளர்த்த தாயின் மகள், அந்த வேலைக்காரிக்குத் திரையில் கொடுத்த கம்பீரம் அது.

தாமதமாக வந்த மரியாதை

மனோரமாவுக்கு நடிப்புக்கான தேசிய விருது ஒருமுறைதான் கிடைத்தது. பார்த்திபனின் 'புதிய பாதை' (1989) படத்திற்காகச் சிறந்த துணை நடிகை விருது. பத்மஸ்ரீ 2002இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 64.

ஏறக்குறைய அவர் வயதையொத்த இங்கிலாந்து நடிகை ஜூடி டெஞ்ச் 1934இல் பிறந்தவர். அவருக்கு அந்நாட்டின் 'டேம்' பட்டம் 1988இல், 53ஆம் வயதிலேயே கிடைத்துவிட்டது. 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' (1998) படத்தில் சுமார் எட்டு நிமிடம் மட்டுமே திரையில் தோன்றி ஆஸ்கார் விருதும் பெற்றார். வேடம் சிறியதா என்று அங்கே பார்க்கவில்லை, நடிப்பு எப்படி என்று பார்த்தார்கள். நாமோ, மனோரமா திரையில் வந்ததும் சிரிப்போம்; சிரித்து முடித்ததும் நாயகனைத் தேடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1996 தமிழகத் தேர்தல் நேரத்தில் ரஜினிகாந்தை விமர்சித்து மேடைகளில் பேசிய பிறகு, மனோரமாவுக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. ரஜினியே 'அருணாச்சலம்' (1997) படத்தில் அவரை நடிக்க வைத்தார். அது ரஜினியின் பெருந்தன்மைதான். ஆனால் ஆயிரம் படம் நடித்த ஒருவரின் பிழைப்பு, ஒரு பேச்சால் ஆட்டம் காணும் அளவுக்கு இருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். துணை நடிகைக்குத் திரையில் நிரந்தர நாற்காலி கிடையாது. ஒவ்வொரு படத்திலும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

இன்று அந்த இடம்

2015 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் ஆச்சி மறைந்தார். அவருக்கு முன்பே 2011இல் காந்திமதியும், 2012இல் எஸ்.என்.லட்சுமியும் போய்விட்டார்கள். '16 வயதினிலே' படத்தில் மயிலின் தாயாக வந்தவர் காந்திமதி. 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாகவும், 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் பாட்டியாகவும் வந்தவர் லட்சுமி. அந்தத் தலைமுறை நாடகக் கொட்டகையிலிருந்து வந்த தலைமுறை.

ஊர்வசி இருக்கிறார். கோவை சரளா 'செம்பி' (2022) படத்தில் மலைவாழ் பாட்டியாகக் கதையையே தாங்கினார். ஆகவே திறமைக்குப் பஞ்சமில்லை. எழுதப்படும் வேடங்களுக்குத்தான் பஞ்சம். நான் பணியாற்றும் தொலைக்காட்சித் துறையிலேயே பார்க்கிறேன். நாடகக் கதைகள் வருகின்றன. நாயகிக்கு ஆசை, கோபம், கனவு எல்லாம் உண்டு. அம்மாவுக்கு அழுகை மட்டும். பாட்டிக்கு அதுவும் இல்லை. ஒரு கட்டில், ஓர் இருமல். நாற்பது வயதைத் தாண்டிய நம் நாட்டு நடிகைகள் நல்ல வேடம் இல்லாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் பாட்டிமார்கள் அப்படியா வாழ்ந்தார்கள்? பால் மரம் வெட்டினார்கள், கூட்டுக் கட்டினார்கள், சண்டை போட்டார்கள், கேலி பேசினார்கள், ஒரு குடும்பத்தையே நிமிர்த்தினார்கள்.

எனவே நாடகம் எழுதும் நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கதையில் பாட்டிக்கு ஒரு பெயர் வையுங்கள். அவர் எந்த ஊர்ப் பேச்சில் பேசுவார் என்று முடிவு செய்யுங்கள். கதையின் முடிச்சு ஒன்றை அவர் கையால் அவிழ்க்க விடுங்கள். வீட்டில் பாட்டி இருக்கும் நேயர்கள், அவர் பேசும் பேச்சை இந்த வாரமே கைப்பேசியில் ஒரு மணி நேரம் பதிவு செய்து வையுங்கள். எழுதுகிறவர்களுக்கு அது தேவைப்படும்.