கரை தொடாத நாள் பிறந்த கதை

1891 ஜனவரி 22. ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' 241 பயணிகளோடு புறப்பட்டது. அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடப் போய்ச் சேர்ந்தாக வேண்டிய வேலை கிடையாது. வியாபாரம் இல்லை, பிழைப்புத் தேடிக் குடியேறுவது இல்லை. சும்மா சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் போகிறார்கள். கடலில் ஒரு நாள் என்றாலே வாந்தியும் குளிரும் சலிப்பும்தான் என்றிருந்த காலம் அது. அந்த நாட்களில் ஒன்றிரண்டைக் குறைக்கத்தான் கம்பெனிகள் வேகமான எஞ்சின்களில் பணத்தைக் கொட்டின. அப்படிப்பட்ட நாட்களை இரண்டு மாதத்துக்கு விலை கொடுத்து வாங்கியிருந்தது இந்தக் கூட்டம்.

விற்றவர் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலின். அவரைத் துரத்தியது குளிர்காலம். பனிக்காற்று வீசும் மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வரமாட்டார்கள். கப்பலைச் சும்மா கட்டிப்போட்டாலும் செலவு நிற்காது. வெயில் அடிக்கும் மத்தியதரைக் கடலுக்கு அதை அனுப்பிப் பார்க்கலாம் என்றார் பாலின். இவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கம்பெனிக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. பாலின் மனைவியோடு தானே கப்பலேறினார். மார்ச்சில் கப்பல் வெற்றியோடு திரும்பியது. அந்த வெற்றியே அடுத்த விபரீதத்துக்கு வழி திறந்தது.

குளிர்க்கடலுக்காகக் கட்டிய கப்பல் உல்லாசத்துக்கு முழுதாகப் பொருந்தாது என்று கண்டுகொண்ட பாலின், சுற்றுலாவுக்காகவே ஒரு கப்பல் கட்டவைத்தார். 1900-ல் கடலில் இறங்கிய 'பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ்' வெள்ளை நிறத்தில் ஒரு படகுபோல ஒல்லியாக இருந்தது. உள்ளே எல்லாமே முதல் வகுப்பு. உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. பயணிகள் தாங்கள் எடுத்த புகைப்படங்களைக் கழுவிக்கொள்ள ஓர் இருட்டறைகூட இருந்தது. பகலில் எடுத்ததை ராத்திரியே கழுவிப் பார்க்கலாம். கடலில் பொழுதை நிரப்ப யோசித்த முதல் யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1906 டிசம்பர் 16 இரவு, ஜமைக்கா கரையை நெருங்கியபோது கேப்டன் கலங்கரை விளக்கத்தைத் தவறாக அடையாளம் கண்டார். கப்பல் பாறையில் ஏறியது. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள். கேப்டன் தன் அறைக்குள் போய்த் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். உல்லாசத்துக்காகவே கட்டிய உலகின் முதல் கப்பல் அங்கேயே சிதைந்தது. பாலினின் யோசனையும் அதோடு மூழ்கியிருக்கலாம்.

மூழ்கவில்லை. அதற்கு இன்னொரு உருவம் கொடுத்தது அமெரிக்காவின் மதுவிலக்கு. 1920-ல் சட்டம் வந்ததும், எல்லை தாண்டினால் குடிக்கலாம் என்பதற்காகவே கப்பலேறுகிறவர்கள் கிளம்பினார்கள். எந்த ஊருக்கும் போகாமல் கடலுக்குள் போய்த் திரும்பும் பயணத்துக்கு டிக்கெட் விற்றது. ஊரே வேண்டாம், கடல் போதும் என்று ஒரு வியாபாரம் அங்கே துளிர்த்தது.

நம் கடலில் அப்போது நிலைமை வேறு. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. டெக் டிக்கெட்காரர்கள் பாயும் டிரங்குப் பெட்டியுமாகக் கிடைத்த இடத்தில் படுத்தார்கள். அவர்களுக்குக் கடல் நாள் என்பது எண்ணிக் கழிக்க வேண்டிய நாள். அந்தக் கணக்கையே தலைகீழாக்க வானத்திலிருந்து ஒன்று வந்தது.

1958 அக்டோபரில் பான் ஆம் கம்பெனியின் ஜெட் விமானம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் பறந்தது. நாட்கணக்கில் போன வழி மணிக்கணக்கில் சுருங்கியது. சில ஆண்டுகளிலேயே பெரிய பெரிய பயணிகள் கப்பல்கள் காலியாக ஓடின. 1966-ல் மியாமியில் டெட் அரிசன் என்பவரிடம் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. நார்வேக்காரர் நட் க்ளோஸ்டரிடம் புத்தம்புதுக் கப்பல் இருந்தது, பயணிகள் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் இருவரும் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அரிசன் தனியாக ஒரு பழைய கப்பலை வாங்கினார்.

'எம்பிரஸ் ஆஃப் கனடா' என்ற அந்தக் கப்பல் 'மார்டி கிரா' ஆனது. 1972 மார்ச் 11-ல் முதல் பயணம். டிக்கெட் விற்றுத் தரவேண்டிய டிராவல் ஏஜென்ட்டுகள் சுமார் 300 பேர் கப்பலில் இருந்தார்கள். மியாமிக் கரை கண்ணுக்கு மறையும் முன்பே கப்பல் மணல்திட்டில் ஏறி நின்றது. இதைவிட மோசமான தொடக்கம் இருக்க முடியாது. எரிபொருளுக்குக் காசில்லாமல், கப்பலின் மதுக்கடைக் கல்லாவைத் துழாவி எண்ணெய் வாங்கினார்கள் என்று கப்பல்காரர்கள் இன்றும் சொல்வதுண்டு. எண்ணெயை மிச்சம்பிடிக்கக் கப்பலை மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாக ஓடினால் துறைமுகங்கள் குறையும், கடல் நாட்கள் கூடும். அந்த நாட்களைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் சூதாட்ட மேசைகளாலும் நிரப்பினார்கள். கப்பலே ஊர் ஆனது. பற்றாக்குறையில் பிறந்த அந்த வழி லாபம் கொட்ட ஆரம்பித்தது.

அந்த லாபத்தைக் கண்டதும் வேறொரு கம்பெனிக்காகக் குட்டிப் பயணங்களுக்கென்றே ஒரு கப்பல் தயாரானது. பிரான்ஸின் சான்-நசேரில் 'ஃப்யூச்சர் சீஸ்' என்ற பெயரில் திட்டமிட்டார்கள். கட்டி முடிப்பதற்குள் கம்பெனி கைமாறி, 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்று வெளியே வந்தது. நீளம் 211 மீட்டர். மியாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் நடை. பிறகு பெயர் மாறியது, ஸ்பெயின் கம்பெனிக்குப் போனது, திரும்பி வந்தது, 2017-ல் கியூபாவின் ஹவானாவைத் தொட்டது. 2019-ல் அமெரிக்கா அந்த வழியை அடைத்தது. அடுத்த ஆண்டே கொரோனா. அதே ஸ்பெயின் கம்பெனியில் ஓடிய 'சாவரின்', 'மொனார்க்' இரண்டும் துருக்கியின் அலியாகா கரையில் உடைபடப் போயின. இந்த முப்பது வயதுக் கப்பலுக்கும் அந்த வரிசையில் இடம் காத்திருந்தது.

வங்கக் கடலோரம் அதற்குள் மாறிப்போயிருந்தது. 'ரஜூலா'வுக்குப் பின் சிங்கப்பூர் வழியில் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. உயிர்கள் போயின, சேவையும் நின்றது. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், 2013-ல் காட்டுப்பள்ளி என்று துறைமுகம் மேல் துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளியில் கன்டெய்னர்கள் இறங்கின. பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளமும் எழுந்தது. அடிவானத்தில் எப்போதும் கப்பல்கள் நின்றன. அந்தமான் கப்பலை விட்டால், சாதாரண ஜனம் ஏறிப் போக ஒன்றும் இல்லை.

2022 ஜூன் 4. சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, பதினோரு தளம் உயர்ந்த வெள்ளைக் கப்பல் ஒன்று நகர்ந்தது. உடைபடாமல் தப்பி, மும்பை வழியாக இந்தியாவுக்கு வந்திருந்த அதே 'எம்பிரஸ்', இப்போது கார்டிலியா கம்பெனியின் சொகுசுக் கப்பல். இரண்டு இரவு டிக்கெட் வாங்கியவர்களுக்கு எந்த ஊரும் கிடையாது. ஆழ்கடலுக்குப் போய், சென்னைக்கே திரும்ப வேண்டியது. நீண்ட பயணத்தில் மட்டும் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று புதுச்சேரியில் எதிர்ப்புக் கிளம்பியது. அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஊருக்கென்று ஒதுக்கியிருந்த பொழுதையும் பயணிகள் கடலிலேயே கழித்தார்கள்.