பிஸ்கோத்து

காட்டேரிக்குப்பம் பிரெஞ்சு ஆட்சி கண்ட புதுச்சேரி மண். ஆனால் அங்குள்ள பெரியவர்கள் சொல்லும் 'பிஸ்கோத்து' பிரெஞ்சு தந்த சொல் அல்ல. பிரெஞ்சில் அது 'பிஸ்க்வி'. கடைசி எழுத்து ஒலிக்காது. நம் சொல்லின் 'த்து', ஜன்னலையும் சாவியையும் தந்த போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது.

வேர் லத்தீன்: 'பிஸ்' இருமுறை, 'கொக்துஸ்' வெந்தது. நெடுங்கடல் பயணத்தில் கெடாதிருக்க, ஈரம் போகும்வரை மறுபடி சுட்ட ரொட்டி அது.

ஜெர்மானியர் இதே பொருளில் 'த்ஸ்வீபாக்' என்று சொல் அமைத்தார்கள். வெண்ணெய் பிஸ்கோத்துக்கோ அவர்களிடம் வேறு பெயர். ஹனோவரில் 1889இல் தொழில் தொடங்கிய ஹெர்மன் பால்சன், 1891இல் தன் வெண்ணெய் பிஸ்கோத்துக்கு ஆங்கில 'கேக்'கின் பன்மையைச் சூட்டினார். 1911இல் அதை ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் 'கேக்ஸ்' ஆக்கினார். கடன் வாங்கிய சொல்லை நாவுக்கேற்பத் திருத்துவதில் தமிழும் ஜெர்மனும் ஒரே சாதி!

வீட்டில் சுடும் வெண்ணெய் பிஸ்கோத்தை அடுப்பில் வைப்பது ஒரே முறைதான். பெயரிலுள்ள 'இருமுறை' அதற்குப் பொருந்தாது. மாவின் கணக்கு எளிது: 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. ஜெர்மானியர் இதை 'ம்யூர்பே' மாவு என்பார்கள். பொலபொலவென்று உதிர்வது என்று பொருள். வெண்ணெய் மாவைப் பூசிக்கொள்வதால் பசைத்தன்மை இறுகாது, அதனால்தான் அந்த உதிர்வு. புதுச்சேரி வெக்கையில் வெண்ணெய் சீக்கிரம் இளகும். பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்த பிறகே தேய்க்க வேண்டும்.