புழுங்கலரிசி தந்த பாடம்



லோபாக் வட்டாரத்திலும் அதைச் சுற்றிய நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் வாழ்ந்த நம் முன்னோர் வீடுகளில் அன்றாடச் சோறு என்றால் அது புழுங்கலரிசிச் சோறுதான். பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் உரியது. நெல்லை ஊற வைத்து, உமியோடு அவித்து, உலர்த்திப் பின் குத்துவது தமிழ்நாட்டிலிருந்து அவர்கள் கொண்டு வந்த பழக்கம். உழைக்கிறவனுக்கு வயிற்றில் நிற்கும் சோறு என்பதைத் தவிர வேறு பெருமை எதையும் அவர்கள் அதற்குச் சொல்லிக் கொண்டதில்லை.

அந்தச் சோறு உலக மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றிருக்கிறது. அதற்கு இடம் தேடிக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் இதே நெகிரி செம்பிலானில் பணியாற்றிய ஓர் அரசாங்க டாக்டர். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம். அதோடு, மருத்துவமனை வாசலில் நின்று நோயாளிகளை ஏற்கும் டாக்டருக்கு ஆராய்ச்சி செய்யப் பணமும் நேரமும் ஏன் தர வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டு பிறந்தபோது மலாய் மாநிலங்களின் மருத்துவமனைகளை நிறைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப் போகும். நடை தளரும். கணுக்காலில் வீக்கம் காணும். சிலருக்கு அது இதயத்தைத் தாக்கும். காலையில் எழுந்து உட்கார்ந்திருந்த ஆள், மூச்சுத் திணறி அன்று இரவுக்குள் இறந்து போவான். இந்நோய்க்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் பலியாயின. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே அவர்களில் மிகுதி.

காரணம் என்ன என்பது ஒருவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. 1900ஆம் ஆண்டு, மலாய் மாநிலங்களின் ரெசிடெண்ட் ஜெனரலாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் முயற்சியால் கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் பெற்றது அதுவே. அரசாங்கம் அதற்குப் பணம் ஒதுக்கியது. அரசாங்கத்தின் வருமானத்திலோ ஈய வரிக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆகவே சுரங்கத் தொழிலாளியின் உழைப்பில் விளைந்த பணமே அவன் நோயை ஆராயவும் உதவியது எனலாம். கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு கிருமியால் வருவது என்று கருதினார். நோய் கண்ட இடமே நச்சுப்பட்டது என்று பலரும் நம்பிய காலம் அது.

அப்போது நெகிரி செம்பிலானின் அரசாங்கத் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் பிராடன். அவரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் நாள்தோறும் அவர் முன்னே நோயாளிகள் வந்து கொண்டிருந்தார்கள். யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்ததோடு அவர் நிற்கவில்லை, யாருக்கு வரவில்லை என்றும் பார்த்தார். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே வெயில். சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைச் சாப்பிட்ட சீனர்களுக்குப் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசியை உண்ட மலாய்க் கம்பத்து மக்களுக்கும் வரவில்லை. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று பிராடன் முடிவு கட்டினார். அதைப் பெரிய நூலாக எழுதி 1907இல் வெளியிட்டார்.

அவர் சொன்னது முழுவதும் சரியன்று. நாள்பட்ட வெள்ளை அரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணினார். உண்மையில் நோய்க்குக் காரணம் அரிசியில் சேர்ந்த பொருள் அன்று, அரிசியிலிருந்து போய்விட்ட பொருள். ஆனாலும் சரியான கதவை முதலில் தட்டியவர்களில் அவர் ஒருவர்.

அடுத்து வந்தவர் கோலாலம்பூரில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் பிளெட்சர். அங்குள்ள மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியது. பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்தாருக்கு வெள்ளைப் பச்சரிசி, மறுபக்கத்தாருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. 1906ஆம் ஆண்டு முழுவதும் இது நடந்தது. இடம்தான் காரணமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஆண்டு முடிந்தபோது, பச்சரிசி உண்ட பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட பக்கத்தில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இந்த ஆய்வுக்கு ஆன செலவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. இரண்டு வகை அரிசி, ஒரு பதிவேடு, பொறுமையாகக் கணக்கு வைத்த ஒரு டாக்டர், இவ்வளவுதான். ஆனால் எண்களைச் சொல்லும்போது அந்த 18 பேரை நாம் மறந்துவிடலாகாது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கிப் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் பலர் இல்லை.

1907இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு டாக்டர்கள் மறுபடியும் நெகிரி செம்பிலானுக்கே வந்தார்கள். ஜெலெபு வட்டாரத்தில், டுரியான் தீப்பஸ் பக்கம், காட்டுக்குள் சாலை போட்டுக் கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. புதுக் காடு ஆகையால் பழைய நோய் தங்கிய இடம் என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் மூன்று மாதத்தில் பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கலரிசிப் பிரிவில் இல்லை. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியின் பின்னாலேயே போயிற்று.

இதன் பிறகே நோயின் மூலம் துலங்கியது. நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது. அச்சத்து இல்லாமல் நரம்பும் இதயமும் வேலை செய்ய மாட்டா. நெல்லை உமியோடு அவிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்ததன் பலன் இதுதான். 1910இல் மணிலாவில் கூடிய கீழைநாட்டு மருத்துவர் மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் செய்தது. ஜாவாவில் இதற்கு முன்பே கோழிகளைக் கொண்டு இதே வழியில் ஆராய்ந்த ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சத்தை 1926இல் ஜாவாவில் தனியே பிரித்தெடுத்தார்கள், 1936இல் செயற்கையாகவும் செய்தார்கள். அதுவே தயாமின் என்னும் வைட்டமின் பி1. இன்று இதய பெரிபெரியோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், அதை உடனே இனங்கண்டு இந்த ஊசியைப் போட்டால் சில மணி நேரத்தில் தேறத் தொடங்குவார்.

ஆனால் அறிவு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் நம் மக்கள் கண்டார்கள். ஜப்பானியர் ஆட்சியின்போது, 1942க்கும் 1945க்கும் இடையில், தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். அங்கே மலேரியாவும் காலராவும் சீதபேதியும் கொன்றவற்றோடு பெரிபெரியும் சேர்ந்து கொண்டது. எந்தச் சோறு தங்களைக் காத்ததோ அந்தச் சோறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் கண்டுபிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தும் அவர்களுக்கு அது பயன்படவில்லை.

பிராடன் காலம் போய்ச் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இதே மாநிலத்தில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஆண்டு முடிவில் அது சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கும், பின்னர் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கம்பங்களுக்கும் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கட்டிலருகே நின்ற டாக்டர்களுக்குக் கணக்கு ஒத்து வரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அப்போது வைரஸ் இயல் பயின்று கொண்டிருந்த டாக்டர் சுவா கோ பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரிலிருந்து 1999 மார்ச்சில் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். கம்பத்தின் பெயரே அதற்கு இடப்பட்டு நிப்பா வைரஸ் ஆயிற்று. பன்றிகளே நோயைப் பரப்புகின்றன என்று தெரிந்ததும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் நின்றது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவரும், அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆய்வுக்கூடமும் இல்லாமல் போயிருந்தால், இன்னும் எத்தனை நாள் கொசுவுக்கே புகை அடித்துக் கொண்டிருப்போமோ!

இந்த இரு வரலாறுகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. புதிய நோயை முதலில் சந்திப்பவர் மருத்துவமனை வாசலில் நிற்கும் டாக்டர். இன்று அந்த வாசலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவு என்று பெயர். அங்கே இரவு பகலாக உழைப்பவர்களில் நிபுணர் ஆவதற்குப் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் பலர். அமெரிக்காவில் இதற்கான முதல் பயிற்சி 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1972இல் அங்கு அவசர மருத்துவ ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளை எழுந்தது. பயிற்சியில் உள்ள டாக்டர்களுக்கென்றே தனி ஆய்வு மானியமும் பின்னர் ஏற்பட்டது. நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1998இல் கிளந்தானில் உள்ள குபாங் கெரியானில் அவசர மருத்துவ முதுநிலைப் பயிற்சியைத் தொடங்கியது. ஆய்வு செய்து எழுதுவதும் அப்பயிற்சியில் ஒரு பகுதி.

மானியம் என்றால் டாக்டரின் சட்டைப் பைக்குப் போகும் பணம் என்று சிலர் நினைக்கக் கூடும். அப்படியன்று. இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு, பதிவேடு எழுதும் உதவியாளரின் சம்பளம், வீட்டுக்குப் போன நோயாளியைத் தேடிச் சென்று விசாரிக்கும் வழிச்செலவு, எண்களைச் சரிபார்க்கும் கணக்கியல் வல்லுநரின் உதவி ஆகியவற்றுக்கே அது பயன்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓயாத வேலையின் நடுவே நின்று யோசிக்க அது நேரம் வாங்கித் தருகிறது. பெருந்தொகை பெரிய பேராசிரியர்களுக்கே போய்ச் சேர்வது உலக வழக்கம். சிறு தொகை ஒன்று இளம் டாக்டருக்குக் கிடைத்தால், பிராடன் கவனித்ததைப் போன்ற ஒன்றை அவரும் கவனிக்கக் கூடும். பாம்புக்கடி, பூச்சி மருந்து நஞ்சு, வெயிலில் மயங்கி விழுவது ஆகியவை தோட்டத்து மக்கள் நன்கு அறிந்த ஆபத்துகள். இவற்றைப் பற்றிய கேள்விகள் அந்த வாசலில்தான் பிறக்க வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 1947இல் நூரம்பர்க் நெறிகளும் 1964இல் ஹெல்சிங்கி உறுதிமொழியும் வந்த பிறகு, சம்மதமின்றி மனிதர் மேல் ஆராய்ச்சி செய்வது தவறு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. நம் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் இத்தகைய ஆய்வு நடத்த நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அவசரப் பிரிவில் நோயாளி நினைவிழந்து கிடந்தால், அவர் சார்பில் குடும்பத்தாரிடம் கேட்பார்கள். அப்படி உங்களிடம் கேட்டால் அஞ்ச வேண்டாம், கேட்காமல் கையெழுத்தும் போட வேண்டாம். எதற்காக இந்த ஆய்வு, என்ன செய்வீர்கள், இதனால் என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் சிகிச்சை குறையுமா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லுங்கள். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது, இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பிராடன், பிளெட்சர், பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. டுரியான் தீப்பஸ் காட்டில் சாலை போட்ட 300 பேரின் பெயர்களைச் சொல்வார் இல்லை. புழுங்கலரிசி உண்டு நோயின்றி இருந்து, அதனாலேயே விடைக்கு வழி காட்டிய தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களும் அப்படியே. அந்த ஆராய்ச்சியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை டாக்டராகி அந்த வாசலில் நிற்கக் கூடும். அவருக்கு ஆராய நேரமும் பணமும் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, அவர் முன்னே நோயாளியாக வரும் நமக்கும் உண்டு.