குலசேகரம் வட்டாரக் குடும்ப ஒளிப்படங்களில் போர்க்காலச் சீருடை: அடையாளம் காணும் நெறிகள்

முன்னுரை

குமரி மாவட்டத்தின் மலையடிவார ஊராகிய குலசேகரத்திலும் அதன் சுற்றூர்களிலும் முன்னோர் ஒருவர் 'பட்டாளத்துக்குப் போனவர்' என்னும் வாய்மொழிச் செய்தி குடும்பங்களில் வழங்குவதுண்டு. பல வேளைகளில் அச்செய்திக்குச் சான்றாக எஞ்சுவது சீருடையில் எடுத்த ஓர் ஒளிப்படம் மட்டுமே. படத்தின் பின்புறத்தில் பெயரோ ஆண்டோ எழுதப்படாதபோது அது எந்தப் போர், எந்தப் படை, எந்த உறவினர் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவற்றுள் எவற்றிற்குச் சீருடை விடை தரும், எவற்றிற்குத் தராது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவிதாங்கூர்க் குடிகளும் படைகளும்

குலசேகரம் அடங்கிய கல்குளம் வட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இரண்டு உலகப் போர்களின்போதும் இவ்வூரார் திருவிதாங்கூர் மன்னரின் குடிகள். எனவே, இவ்வூர் வீரர் ஒருவரைச் சென்னை மாகாணப் பட்டியல்களில் மட்டும் தேடுவது பொருந்தாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வட்டாரத்தவர் ஒருவருக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நாயர் படையின் வழிவந்த திருவிதாங்கூர் அரசுப் படை. இது பின்னர் இந்தியப் படையில் இணைந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் படையணிகளாயிற்று. இரண்டாவது, பிரித்தானிய இந்தியப் படை. மெட்ராஸ் ரெஜிமெண்ட், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படை, வழங்கல் துறை ஆகியன இதில் அடங்கும். மூன்றாவது, மலாயாவுக்குச் சென்றிருந்தோருக்கு 1942 முதல் வாய்த்த இந்திய தேசிய இராணுவம்.

இம்மூன்றிலும் காக்கிச் சீருடை வழங்கியது. இந்திய தேசிய இராணுவத்தினர் பெரும்பாலும் பிரித்தானிய இருப்பிலிருந்த உடைகளையே பயன்படுத்தினர். ஆகவே, துணியும் வெட்டும் படையைத் தீர்மானிக்கப் போதா.

இலச்சினையும் தரக்குறிகளும்

முதலில் நோக்கத்தக்கவை தொப்பி இலச்சினையும் தோள்பட்டையிலுள்ள பித்தளை எழுத்துகளும் ஆகும். படத்தை மிகு நுணுக்கத்தில் மின்வருடி இப்பகுதிகளைப் பெரிதாக்கிப் படித்தல் வேண்டும். சங்கு திருவிதாங்கூரின் அரசச் சின்னம். ஆனால் அது படைக்கு மட்டும் உரியதன்று. திருவிதாங்கூர் அஞ்சல் தலைகளிலும் சங்கே இடம்பெற்றது. எனவே, சங்கு பொறித்த வில்லையை மட்டும் கொண்டு ஒருவரைப் போர்வீரர் எனக் கொள்ளலாகாது. ஆயுதம், தரக்குறி, தோள் எழுத்து ஆகியவற்றுள் ஒன்றேனும் அதனை உறுதிப்படுத்த வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரைத் 'துப்தா' எனப்படும் அவர்தம் தனித்த தலையணியால் பிரித்தறியலாம்.

கைப்பகுதியிலுள்ள கூர்ப்பட்டைகளுள் ஒன்று லான்ஸ் நாயக்கையும், இரண்டு நாயக்கையும், மூன்று ஹவில்தாரையும் குறிக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தோளில் ஒரு நட்சத்திரம் ஜமேதாருக்கும் இரண்டு சுபேதாருக்கும் உரியன. தரம் தெரிந்தால், ஒரே குடும்பத்தில் பட்டாளம் சென்ற இருவருள் ஒருவரை விலக்க இயலும்.

பதக்க நாடாவும் காலமும்

படத்தின் காலத்தைக் கணிக்கப் பதக்க நாடா சிறந்த சான்று. ஒரு பதக்கம் நிறுவப்படுவதற்கு முன் அதன் நாடாவை ஒருவர் அணிந்திருக்க முடியாது. பர்மா நட்சத்திரம் 1945இல் நிறுவப்பட்டது. அதன் நாடா உள்ள படம் அவ்வாண்டுக்கு முற்பட்டதாகாது. 1939–45 நட்சத்திரம் எனப் பின்னர் பெயர்பெற்றதன் தொடக்க வடிவம் 1943இல் தோன்றியது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடாவின் நிறத்தை ஊகிப்பதில் எச்சரிக்கை தேவை. சிவப்பொளியை உணராத பழைய தகடுகளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். ஆதலால் நிறச்செறிவைவிடக் கோடுகளின் எண்ணிக்கையையும் அகலத்தையும் ஒப்பிடுவதே தகும். 1939–45 நட்சத்திர நாடா சம அகலமுள்ள மூன்று பட்டைகளைக் கொண்டது. பர்மா நட்சத்திர நாடாவின் நடுவில் அகன்ற சிவப்புப் பட்டையும், இருமருங்கும் நீலத்தின் இடையே ஆரஞ்சுக் கோடும் அமையும். படநிலையத்தார் பின்னர் கையால் ஏற்றிய வண்ணத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது.

பதக்கங்களை உரியவர் இடமார்பில் அணிவர். வலமார்பில் காணப்பட்டால் படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கலாம். அல்லது இறந்த உறவினரின் பதக்கத்தை வேறொருவர் அணிந்திருக்கலாம். சட்டைப் பொத்தான்கள் அமைந்த பக்கத்தை நோக்கி இவற்றுள் ஒன்றை விலக்கலாம்.

பெயருக்குச் செல்லும் வழி

இத்தனையும் படை, தரம், காலம் ஆகியவற்றையே தரும். பெயரை ஆவணமே தர வேண்டும். எனினும் எந்த ஆவணக்களரியை நாடுவது என்பதைச் சீருடையே முடிவு செய்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் எனில் நீலகிரி வெலிங்டனிலுள்ள பதிவகத்தையும், சாப்பர்ஸ் எனில் பெங்களூரையும் நாட வேண்டும். போரில் இறந்தவராயின் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள் உதவும். அவற்றில் தந்தை பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அங்கே குலசேகரத்தைத் திருவிதாங்கூரின் கீழும், ஆங்கில எழுத்துக்கூட்டலின் பல வடிவங்களிலும் தேடுதல் வேண்டும். வீட்டில் பதக்கம் எஞ்சியிருப்பின் அதன் விளிம்பையும் பார்க்க வேண்டும். இந்திய வீரர்க்கு வழங்கிய பதக்கங்களில் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு.

முடிவுரை

இவ்வடையாளத்தில் பிழை நேரின் அது குடும்ப எல்லையோடு நில்லாது. இந்திய தேசிய இராணுவத்தினர் விடுதலைப் போராட்ட வீரராக மதிக்கப்படுவோர். பிரித்தானிய இந்தியப் படையினரின் வரலாற்று இடம் வேறு. ஒருவரை மற்றவராக எழுதினால் வட்டார வரலாறு இருவருக்கும் நீதி செய்யாது. தமிழகச் சிற்றூர்களிலுள்ள முதல் உலகப் போர் நினைவுக் கற்கள் பல, போருக்குச் சென்றோரின் எண்ணிக்கையை மட்டும் கூறிப் பெயர்களை விட்டுவிடுகின்றன. அக்குறையை ஈடுசெய்யத்தக்க மூலங்களுள் குடும்ப ஒளிப்படமும் ஒன்று. படத்தின் முன்பின் பக்கங்கள், பதக்கம், வாய்மொழிச் செய்தி ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்து, அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இடத்தில் மட்டுமே பெயரிடுதல் ஏற்ற நெறியாகும்.